பெடல் ஜெனரேட்டர்: பழைய சைக்கிள்ல கரண்ட் எடுக்க எந்த மோட்டார் போடறது?

நிலாமுற்றம்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற வேலை, இப்ப இறங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுல ஒரு பழைய சைக்கிள் சும்மா நிக்குது. கியர் கிடையாது, 26 இன்ச் வீல், முன்னாடி 44 பல்லு, பின்னாடி 18 பல்லு, செயின் நல்லாவே இருக்கு. பின் வீலை தரையில படாம தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, அதுல ஒரு மோட்டாரை சுத்த வச்சு, வர்ற கரண்டை 12 வோல்ட் பேட்டரியில ஏத்தணும். கரண்ட் போற நேரத்துல மூணு எல்இடி லைட், வைஃபை ரவுட்டர், போன் சார்ஜ், முடிஞ்சா லேப்டாப், இவ்வளவுதான் ஆசை.

கேள்வி என்னன்னா எந்த மோட்டார்? ஒருத்தர் கார்ல பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்தான் பெஸ்ட்ங்கறார், இன்னொருத்தர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார்ங்கறார். சைக்கிள் டைனமோ நாலஞ்சு வரிசையா வச்சாலே போதும்னும் ஒருத்தர் சொன்னார். இது போக ஒரு வீடியோவுல ஃப்ளைவீல்னு கனமான சக்கரம் ஒண்ணு மாட்டி வீடு முழுக்க ஓட்டற மாதிரி காட்டறாங்க. செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

வயர்மேன்

மோட்டாரை அப்புறம் பாக்கலாம் நண்பரே, மொதல்ல கால்ல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. தினமும் சைக்கிள் ஓட்டாத சாதாரண ஆள், நல்ல ஆரோக்கியமா இருந்தா, ஒரு மணி நேரம் விடாம மிதிச்சு 75ல இருந்து 100 வாட் வரைக்கும் கொடுக்கலாம். நல்லா பழகினவங்க 200 வாட் கொடுப்பாங்க. உலகத் தரத்துல பந்தயம் ஓட்டறவங்க ஒரு மணி நேரத்துக்கு 400 வாட் பக்கம் போறாங்க, அவங்க கணக்கு நமக்கு ஆகாது. நீங்க 100ன்னே வச்சுக்கோங்க.

இப்ப 1 யூனிட்ங்கறது 1000 வாட் ஒரு மணி நேரம். அதாவது நீங்க 10 மணி நேரம் மூச்சு முட்ட மிதிச்சாத்தான் ஒரு யூனிட், அதுவும் ஒரு பொட்டு கூட நஷ்டமே இல்லைன்னு வச்சாத்தான். மின்சார பில்லைக் குறைக்கவான்னு யாராவது கேட்டா இந்த ஒரு கணக்கே போதும். ஆனா நீங்க கேட்டிருக்கற லைட்டு, ரவுட்டர், போன் எல்லாம் சின்ன சின்ன லோடு, அதுக்கு இது அருமையா வேலை செய்யும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஃப்ரிட்ஜ் இந்த மூணையும் மனசுல இருந்து எடுத்துடுங்க.

செயின்ஸ்ப்ராக்கெட்

அந்த ஃப்ளைவீல் வீடியோ நானும் பாத்தேன். ஒரு தடவ சுத்தி விட்டா தானா ஓடிட்டே இருக்குமாம், அதுல பல்பு வேற எரியுது. நிஜமாவே முடியுமா யாராவது தெளிவா சொல்லுங்க, எங்க வீட்டுல இதை நம்பி காசு போட ரெடியா இருக்காங்க.

காந்தப்புலம்

போட வேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி. ஃப்ளைவீல் சக்தியை உண்டாக்காது, நீங்க கொடுத்ததை கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான். கணக்கே போட்டுப் பாத்துடலாம். 10 கிலோ எடை முழுக்க விளிம்புல இருக்கற, அரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிஷத்துக்கு 300 சுத்து சுத்துதுன்னு வச்சுக்கோங்க. அதுல இருக்கற மொத்த சக்தி ஏறக்குறைய 300 ஜூல். 100 வாட் லோடை மாட்டினா 3 செகண்டுல காலி. வீடு முழுக்க ஓடுதுன்னா எங்கயோ ஒரு வயர் மறைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஆனா ஃப்ளைவீல் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். பெடல் மேலயும் கீழயும் நேரா நிக்கற இடத்துல காலால தள்ள முடியாது, ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவ விசை செத்துப் போகும். அந்த இடத்தைத் தாண்ட விளிம்பு கனமான சக்கரம் உதவும், மிதிக்கறப்ப முட்டிக்கு சுகமா இருக்கும். அதுக்கு மட்டும் போடுங்க.

நிலாமுற்றம், மோட்டாரைப் பத்தி முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. நான் பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கறப்ப மொதல்ல இதைத்தான் கையில கொடுப்பேன். எந்த டிசி மோட்டாரா இருந்தாலும் சரி, காந்தம் உள்ள இருக்கற மாதிரி ஒண்ணை எடுத்து, ரெண்டு வயரும் ஒண்ணை ஒண்ணு தொடாம வச்சு ஷாஃப்டை விரலால சுத்துங்க. லேசா சுத்தும், உள்ள கார்பன் பிரஷ் உரசற சத்தம் மட்டும் கேக்கும். இப்ப ரெண்டு வயர் முனையையும் சேத்து முறுக்கிட்டு அதே ஷாஃப்டை சுத்துங்க. தேன்ல மாட்டின மாதிரி இழுக்கும், வேகமா சுத்த சுத்த இன்னும் இறுகும். வயரைப் பிரிச்சீங்கன்னா அடுத்த நொடி மறுபடி லேசாயிடும். காந்தமும் காயிலும் ஒண்ணுக்கொண்ணு அசைஞ்சா கரண்ட் வரும்னு 1831ல ஃபாரடே கண்டுபிடிச்சதும், அந்த கரண்ட் தன்னை உண்டாக்கற அசைவையே எதிர்க்கும்னு 1834ல லென்ஸ் சொன்ன விதியும் உங்க விரல்லயே தெரியும். கரண்ட் இழுத்தாத்தான் கனம், இழுக்கலைன்னா கனம் இல்ல. பெடல் எவ்வளவு கஷ்டமா இருக்கும்ங்கறதை லோடுதான் முடிவு பண்ணுது. மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது.

நிலாமுற்றம்

அக்கா, பழைய பிரிண்டர்ல இருந்து கழட்டின மோட்டார் ஒண்ணு இருந்துச்சு, இப்பவே செஞ்சு பாத்தேன். அப்படியே நீங்க சொன்ன மாதிரிதான்! வீட்டுல எல்லாரும் ஆளுக்கொரு தடவ வாங்கி சுத்திப் பாத்துட்டாங்க.

கராஜ்காரன்

ஆல்டர்னேட்டரை ஏன் எல்லாரும் ஒதுக்கறீங்கன்னு தெரியல. பழைய கார்ல இருந்து சுலபமா கிடைக்கும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் உள்ளயே இருக்கு, 14 சொச்சம் வோல்ட்டுக்கு மேல போகாது, கரண்டை ஒரே திசையில மட்டும் விடற டயோடும் உள்ளயே இருக்கு, மழை தூசு எதுக்கும் அசராது. வேற எதுவும் வாங்கத் தேவையில்ல.

வயர்மேன்

அண்ணே, கார்ல அது சூப்பர்தான், ஏன்னா அங்க இஞ்சின் இருக்கு, 50 வாட் போனா யாரும் கேக்கப் போறதில்ல. ஆல்டர்னேட்டர்ல நிரந்தர காந்தம் கிடையாது, ரோட்டர்ல இருக்கற காயிலுக்கு கரண்ட் கொடுத்துத்தான் காந்தம் ஆக்கணும். முழு ஃபீல்டுக்கு, அதாவது அந்த காந்தம் முழு பலத்துல இருக்க, 3ல இருந்து 4 ஆம்ப் எடுத்துக்கும், 12 வோல்ட்டுல அது 40 வாட்டைத் தொடும். காலு கொடுக்கறதே 100. இதுக்கு மேல பெல்ட் நஷ்டம், உள்ள ஃபேன் நஷ்டம், ஒழுங்கா கரண்ட் வர நிமிஷத்துக்கு 2000 சுத்துக்கு மேல வேணும். ஃபீல்டைக் குறைச்சு ஓட்டற சர்க்யூட் போட்டு சமாளிக்கறவங்க இருக்காங்க, ஆனா புதுசா செய்யறவருக்கு அது தேவையில்லாத வேலை.

கராஜ்காரன்

அந்த 40 வாட் கணக்கு நியாயம்தான் தம்பி, ஒத்துக்கறேன். இஞ்சினுக்கு செஞ்சதை காலுக்கு மாட்டறதுல அந்தப் பிரச்சனை இருக்கு. ஆனா ரெகுலேட்டர் இல்லாம மோட்டாரை நேரா பேட்டரியில மாட்டப் போறீங்கன்னா யாராவது வோல்ட்டேஜைப் பாத்துட்டே உக்காந்திருக்கணும், அதை மறந்துடாதீங்க.

செயின்ஸ்ப்ராக்கெட்

சைக்கிள் டைனமோ நாலு?

வயர்மேன்

ஒண்ணுக்கு 6 வோல்ட் 3 வாட், அதுதான் அதோட அளவு. டயர்ல உரசற பாட்டில் டைனமோவுல நீங்க போடற சக்தியில பாதிக்கு மேல சத்தமாவும் சூடாவும் போயிடும். நாலு போட்டா 12 வாட். போன் சார்ஜ் பண்ண மட்டும்னா சக்கரத்து நடுவுலயே இருக்கற ஹப் டைனமோ ஒண்ணே போதும், அது நல்ல சாமான்.

ரிம்மும்ரோலரும்

இந்த மாதிரி ஸ்டாண்டு பல பேருக்கு அடிச்சுக் கொடுத்திருக்கேன், மெக்கானிக்கல் பக்கம் மட்டும் சொல்றேன். உங்களுக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல வர்ற 24 வோல்ட் 250 வாட் பிரஷ் மோட்டார்தான் சரி. நேம்பிளேட்டுல 2700 சுத்து பக்கம் போட்டிருக்கும், அது லோடோட. லோடு இல்லாம 3000க்கு மேல போகும். அதையே நீங்க வெளிய இருந்து 2000 சுத்து சுத்தினா சும்மா இருக்கறப்ப 16 வோல்ட் பக்கம் வரும், 5 ஆம்ப் இழுத்தா காயில்லயும் பிரஷ்லயும் கொஞ்சம் விழுந்து 13 சொச்சம் நிக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு அளந்து வச்ச மாதிரி இருக்கும்.

2000 சுத்து எப்படி வரும்னா, நீங்க நிமிஷத்துக்கு 65 மிதி மிதிக்கறீங்க, 44க்கு 18 பல்லு, வீல் 159 சுத்தும். வீல் விட்டம் 660 மில்லிமீட்டர், மோட்டார் ஷாஃப்டுல 50 மில்லிமீட்டர் ரோலர், 13 மடங்கு. கிட்டத்தட்ட 2100. பாத்தீங்களா, உங்க சைக்கிளுக்கே பொருந்துது.

ஆனா ரோலரை டயர்ல அழுத்தறது எனக்குப் பிடிக்காத வழி. அழுத்தம் கம்மியா இருந்தா வழுக்கும், ஜாஸ்தியா இருந்தா டயர் நசுங்கி நசுங்கி சூடாகியே சக்தி போகும், கறுப்புத் தூள் வேற சுவரெல்லாம் அடிக்கும். டயரையும் டியூபையும் கழட்டிட்டு வெறும் ரிம்முல பெல்ட் போடுங்க. ரிம்மோட பள்ளத்துல பெல்ட் தானா உக்காரும், மோட்டார்ல சின்ன புல்லி. டயர் போனா விட்டமும் கொஞ்சம் குறையும், அதனால புல்லியையும் அதுக்கேத்த மாதிரி 45 மில்லிமீட்டர் பக்கம் பாத்துக்கோங்க. மெல்லிசா பல வரி ஓடற பெல்ட் இருக்கு பாருங்க, வாஷிங் மெஷின்ல டிரம்மை சுத்தறது, அது சின்ன புல்லியில நல்லா வளையும். தடிச்ச வி-பெல்ட் அவ்வளவு சின்ன புல்லியில வளையறதுக்கே சக்தியைத் தின்னும். மோட்டாரை நீள ஓட்டை போட்ட தகட்டுல மாட்டினா முன்ன பின்ன நகத்தி பெல்ட்டை இறுக்கிக்கலாம்.

குட்டிஎலக்ட்ரான்

எங்கிட்ட எலக்ட்ரிக் சைக்கிளோட ஹப் மோட்டார், அதாவது சக்கரத்து நடுவுலயே இருக்கற மோட்டார் இருக்கு, அதை நேரா பின் வீலா போட்டா பெல்ட்டே வேண்டாமே?

ரிம்மும்ரோலரும்

உள்ள கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் ஹப்பா இருந்தா தாராளமா, பெல்ட் இல்லாததால அதுதான் இன்னும் நல்லது. மூணு ஃபேஸ் வரும், ஆறு டயோட் போட்ட பிரிட்ஜ் ஒண்ணு மாட்டினா டிசி கிடைச்சுடும். ஆனா சின்ன சைஸ் ஹப் நிறைய உள்ள கியர் வச்சது, அதுக்குள்ள ஒரு வழி கிளட்ச் இருக்கும், வீலை முன்னால சுத்தினா மோட்டார் சுத்தவே சுத்தாது, ஒரு வோல்ட் கூட வராது. மூணு ஃபேஸ் வயரையும் சேத்துப் பிடிச்சு வீலை முன் பக்கமா சுத்திப் பாருங்க. டக்கு டக்குனு தடுத்தா டைரக்ட், லேசா ஓடினா கியர் ஹப்.

வயர்மேன்

வயரிங் பக்கம் ரெண்டு விஷயம், இதுல அலட்சியம் வேண்டாம்.

ஒண்ணு, மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவுல டயோட். இல்லைன்னா நீங்க மிதிக்கறதை நிறுத்தின உடனே பேட்டரி மோட்டாரை ஓட்ட ஆரம்பிச்சுடும். பின்னாடி ஃப்ரீவீல் இருக்கறதால பெடல் அப்படியே நிக்கும், வீல் மட்டும் தானா சுத்திட்டே இருக்கும், ஏத்தின கரண்ட் எல்லாம் அதுலயே போயிடும். சாதா டயோட்ல 0.7 வோல்ட்டுக்கு மேல விழும், ஷாட்கி டயோட்னா 0.5 பக்கம்தான். 5 ஆம்ப்ல 2.5 வாட் சூடு, அதனால ஒரு சின்ன அலுமினிய ஹீட் சிங்க்ல வச்சுடுங்க.

ரெண்டாவது, ஃப்யூஸ். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாப்புல, 15 ஆம்ப். மோட்டார் பக்கம் போட்டு பிரயோஜனம் இல்ல, ஷார்ட் ஆனா வயரை உருக்கற கரண்ட் பேட்டரியில இருந்துதான் வரும்.

பேட்டரி என்ன வச்சிருக்கீங்க?

நிலாமுற்றம்

யுபிஎஸ்ல வர்ற 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் இருக்கு.

காந்தப்புலம்

அது சின்னது தம்பி. லெட் ஆசிட் பேட்டரியில அதோட ஆம்ப்-அவர்ல, அதாவது கொள்ளளவுல, பத்துல ஒரு பங்கு கரண்ட் ஏத்தறது நல்லது, அவசரத்துக்கு 0.3 பங்கு வரைக்கும் போகலாம். 7க்கு அது 2 ஆம்ப். உங்க காலு 4, 5 ஆம்ப் தள்ளும், பேட்டரி வாங்காது, வோல்ட்டேஜ் சட்டுனு 14.4ஐத் தாண்டும், உள்ள இருக்கற தண்ணி ஹைட்ரஜனா கொதிச்சுப் போகும். லெட் ஆசிட்ன்னா 20 ஆம்ப்-அவர் அல்லது அதுக்கு மேல. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ன்னா 12 ஆம்ப்-அவரே தாங்கும், எடையும் கம்மி, பேட்டரியைப் பாதுகாக்கற பிஎம்எஸ் சர்க்யூட் உள்ள வச்சதா வாங்குங்க. அதுக்கு மேல் எல்லை 14.6 வோல்ட்.

எவ்வளவு மிச்சமாகும்னும் பாத்துக்கோங்க. காலுல 100, பெல்ட் தாண்டி 90, மோட்டார்ல கால்வாசி போனா 67 சொச்சம், டயோட் தாண்டி 64. லெட் ஆசிட்ல ஏத்தி இறக்கினா அதுலயும் அஞ்சுல ஒரு பங்கு போய் 50. ஆக ஒரு மணி நேரம் மிதிச்சா மூணு 5 வாட் லைட்டும் 10 வாட் ரவுட்டரும் ரெண்டு மணி நேரம் ஓடும். லித்தியம்னா கடைசி நஷ்டம் ரொம்பக் கம்மி. இன்வெர்ட்டர் போட்டு ஏசி ஆக்கி, அதுல அடாப்டர் மாட்டி மறுபடி டிசி ஆக்கறதை மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. சும்மா ஆன்ல இருக்கறதுக்கே இன்வெர்ட்டர் கொஞ்சம் சாப்பிடும், உங்க லோடே 25 வாட்தான். 12 வோல்ட் எல்இடி, 12 வோல்ட் ரவுட்டர், யுஎஸ்பி கார் சார்ஜர், எல்லாம் டிசியிலயே முடிச்சுடுங்க.

நிலாமுற்றம்

அப்டேட். ஸ்டாண்டு வெல்டிங் ஆச்சு, ரிம்முல பெல்ட் போட்டாச்சு, மோட்டார் மாட்டியாச்சு. பேட்டரி இன்னும் வரல. பொறுக்க முடியாம மோட்டார்ல இருந்து டயோட் வழியா நேரா லேப்டாப் கார் சார்ஜரை மாட்டினேன், அதாவது 12 வோல்ட் வாங்கி 19 வோல்ட் கொடுக்கறது. மீட்டர்ல 15 வந்ததும் லேப்டாப் சார்ஜ் ஆக ஆரம்பிச்சுச்சு, அடுத்த செகண்டே பெடல் கல்லு மாதிரி இறுகி நின்னுடுச்சு, வோல்ட்டேஜ் பொத்துனு விழுந்து சார்ஜர் ஆஃப் ஆயிடுச்சு. மறுபடி லேசாச்சு, மறுபடி ஏறினா மறுபடி அதே கதை. மோட்டார் ஏதும் போயிடுச்சா?

காந்தப்புலம்

மோட்டார் நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க. இது ரொம்ப முக்கியமான இடம், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

அந்த சார்ஜருக்கு வெளிய 45 வாட் கொடுத்தாகணும். உள்ள வோல்ட்டேஜ் குறைஞ்சா, அதே 45 வாட்டுக்காக அது கரண்டை கூட்டி இழுக்கும். கரண்ட் கூடினா பெடல் கனமாகும், நீங்க விரல்ல பாத்தீங்களே அதேதான். பெடல் கனமானா காலு மெதுவாகும், மெதுவானா வோல்ட்டேஜ் இன்னும் குறையும், அது இன்னும் கரண்ட் இழுக்கும். இப்படியே போய் ஒரே இழுப்புல நின்னுடும். பெடலோட அந்த மேல் கீழ் செத்த இடம் வந்தாலே இது ஆரம்பிச்சுடும்.

நடுவுல பேட்டரி வந்துட்டா கதை தலைகீழ். பேட்டரி வோல்ட்டேஜ் 13 பக்கம் அசையாம நிக்கும். நீங்க கொஞ்சம் மெதுவானா மோட்டார் வோல்ட்டேஜ் அதுக்குக் கீழ போயிடும், கரண்ட் தானா நின்னுடும், பெடல் லேசாயிடும். வேகமானா கரண்ட் ஏறும், கனம் ஏறும். உங்க காலுக்கு எது வசதியோ அங்க வந்து அதுவா நிக்கும். லேப்டாப் தன் 45 வாட்டை பேட்டரியில இருந்து எடுத்துக்கும், நீங்க மூச்சு வாங்க நிறுத்தினாலும் அதுக்குத் தெரியாது. பேட்டரி வர்ற வரைக்கும் 12 வோல்ட் பல்பு மட்டும் எரிச்சுப் பாருங்க.

குட்டிஎலக்ட்ரான்

இதை படிச்சப்புறம்தான் எனக்கும் புரியுது, என்னோடது ஏன் போன் சார்ஜர்ல ஓடுது லேப்டாப்ல நிக்குதுன்னு. நன்றி அக்கா.

தண்ணிபம்பு

நான் கொஞ்சம் வேற கருத்து சொல்றேன். எதுக்கெடுத்தாலும் கரண்டா மாத்தணும்னு ஏன் நினைக்கணும்? தண்ணி இறைக்கணும், மாவு அரைக்கணும், சாணை பிடிக்கணும்னா பெடலை நேரா அந்த மெஷின்ல இணைச்சுடுங்க. நல்லா எண்ணெய் போட்ட செயின்ல நூத்துக்கு 95க்கு மேல போய்ச் சேரும். மோட்டார், டயோட், பேட்டரி, திரும்ப இன்னொரு மோட்டார்னு சுத்தினா பாதி கூட மிஞ்சாது. குவாத்தமாலாவுல மாயா பெடல்னு ஒரு அமைப்பு பழைய சைக்கிள்கள்ல தண்ணி பம்பு, சோளம் அரைக்கற மெஷின், மிக்ஸி எல்லாம் இப்படித்தான் செய்யறாங்க.

வயர்மேன்

முழுசா ஒத்துக்கறேன், சுத்தற வேலைக்கு நேரா சுத்தறதுதான் சரி. ஆனா லைட்டையும் ரேடியோவையும் செயின்ல ஓட்ட முடியாதே. ஆஸ்திரேலியாவுல 1920கள் கடைசியில ஆல்ஃப்ரெட் டிரேகர் பெடல் ரேடியோ செஞ்சாரு, ஆள் நடமாட்டமே இல்லாத ஊர்ப்புறத்துல இருந்து பறக்கும் டாக்டரைக் கூப்பிட. காலால மிதிச்சு வந்தது 20 வாட் பக்கம்தான். அந்த 20 வாட்டுல பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற டாக்டருக்குத் தகவல் போச்சு. கொஞ்சூண்டு கரண்ட், ஆனா சரியான இடத்துல. நிலாமுற்றம் கேக்கறதும் அதேதானே.

கராஜ்காரன்

லித்தியம் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. பேட்டரி நிறைஞ்சதும் பிஎம்எஸ் உள்ள கதவைச் சாத்திடும். அந்த நேரம் நீங்க மும்முரமா மிதிச்சுட்டு இருந்தா மோட்டாருக்கு லோடே இல்ல, பெடல் திடீர்னு லேசாகி வேகம் ஏறும், வோல்ட்டேஜ் 20, 25ன்னு போகும், அதே லைன்ல இருக்கற ரவுட்டர் அதை வாங்கிக்கும். 14.2ல ஆன் ஆகற வோல்ட்டேஜ் ரிலே ஒண்ணு வச்சு, அதுல பழைய கார் ஹெட்லைட் பல்பு மாட்டுங்க. 12 வோல்ட் 55 வாட், நல்ல லோடு. பல்பு எரிஞ்சா பேட்டரி நிறைஞ்சுதுன்னு கண்ணுக்கே தெரியும். ரவுட்டருக்கு முன்னாடி 9ல இருந்து 36 வோல்ட் வரைக்கும் வாங்கி 12 கொடுக்கற கன்வெர்ட்டர் போட்டா இன்னும் நிம்மதி.

ரிம்மும்ரோலரும்

வீட்டுல சின்னப் பசங்க இருந்தா மோட்டார் புல்லிக்கு கண்டிப்பா மூடி போடுங்க. வெறும் ரிம்முல பெல்ட் ஓடறப்ப 2000 சுத்துல புல்லி சுத்தறதே கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டா போச்சு. ஸ்போக்ஸ் பக்கமும் ரெண்டு புறமும் பலகை அடிச்சுடுங்க. இதைச் செய்யாம யாரையும் உக்கார வைக்காதீங்க.

நிலாமுற்றம்

பேட்டரி வந்தாச்சு, லித்தியம் 12 ஆம்ப்-அவர்தான் வாங்கினேன். மூடி போட்டாச்சு, ஹெட்லைட் ரிலேயும் வச்சாச்சு. நேத்து ராத்திரி கரண்ட் போனப்ப மொதல் தடவ நிஜமா ஓட்டினேன். காந்தப்புலம் அக்கா சொன்னது அப்படியே, பெடல் எங்கயுமே இறுகல, வசதியா மிதிக்கறப்ப 4 ஆம்ப், கொஞ்சம் வேகம் பிடிச்சா 5. லைட் மூணும் ரவுட்டரும் எரியுது, லேப்டாப்பும் போட்டேன், அசையல.

ஒண்ணு மட்டும், பத்து நிமிஷத்துலயே சட்டை நனைஞ்சுடுச்சு. ரோட்டுல ஓட்டறப்ப இப்படி ஆகாதே?

காந்தப்புலம்

ரோட்டுல காத்து அடிக்கும், இங்க நின்ன இடத்துலயே இருக்கீங்க. தசை நாலு பங்கு எரிச்சாத்தான் ஒரு பங்கு பெடலுக்கு வரும், மீதி மூணு பங்கு சூடு. நீங்க 100 வாட் மிதிச்சா 300 வாட் ஹீட்டர் ஒண்ணு உங்க உடம்புல ஓடுது. 12 வோல்ட்ல ஓடற சின்ன ஃபேன் ஒண்ணு முகத்துக்கு நேரா வைங்க, 5 வாட்தான் எடுக்கும், அதை விடக் கூடவே மிதிச்சுடுவீங்க.

ரிம்மும்ரோலரும்

சீட்டையும் பாருங்க. பெடல் அடியில இருக்கறப்ப முட்டி லேசா மடங்கி இருக்கற அளவுக்கு ஏத்துங்க. பழைய சைக்கிள்ல எல்லாரும் தாழ வச்சே ஓட்டுவாங்க, ரோட்டுல காலை ஊணணுமேன்னு. இங்க ஊண வேண்டியதே இல்ல.

நிலாமுற்றம்

சீட்டை ஏத்திட்டேன், அதே 65 மிதியில வலி இல்லாம 5 ஆம்ப் வருது. ஃபேன் நாளைக்கு மாட்டறேன்.